ஒரு தண்டாலில் எத்தனை கிலோ?

70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு தண்டால் எடுக்கிறார். அவருடைய கைகள் தூக்குவது எத்தனை கிலோ? எழுபது என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் கால்விரல்களும் தரையில் ஊன்றியிருக்கின்றனவே, அவையும் ஒரு பங்கைச் சுமக்கும். தரையில் விசை அளக்கும் தட்டுகளைப் பதித்து, அவற்றின்மேல் ஆட்களைத் தண்டால் எடுக்கவைத்து அளந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. அதில் கிடைத்த விடை, உடல் எடையில் 64 சதவீதம். நம்முடைய 70 கிலோக்காரருக்கு இது ஏறக்குறைய 45 கிலோ. அவர் 20 தண்டால் எடுத்து முடிக்கும்போது மொத்தம் 900 கிலோவைத் தூக்கியிருப்பார். ஒரு சிறிய காரின் எடைக்கு அது குறைவில்லை.

அதே ஆய்வு இன்னும் சுவையான சில எண்களையும் தந்தது. முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் கைகளுக்கு வரும் பங்கு 49 சதவீதமாகக் குறைகிறது, 34 கிலோ. கைகளை 60 செ.மீ. உயரத் திண்ணையில் வைத்துக்கொண்டால் 41 சதவீதம், 29 கிலோ. அதே திண்ணையில் கால்களை ஏற்றிவிட்டுக் கைகளைத் தரையில் ஊன்றினால் 74 சதவீதம், 52 கிலோ. ஆளும் மாறவில்லை, எடையும் மாறவில்லை. உடம்பின் சாய்வு மாறியதும் சுமை 29 கிலோவிலிருந்து 52 கிலோ வரை ஏறிவிட்டது. கடையில் போய் ஒரு இரும்புத் தட்டுகூட வாங்க வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையே எடைக்கல்!

தண்டால், பஸ்கி, கர்லா ஆகிய மூன்றும் பஞ்சாபின் மல்யுத்த அகாடாக்கள் முதல் தமிழ்நாட்டுத் தேகப் பயிற்சிசாலைகள் வரை இந்தியப் பயில்வான்களின் அடிப்படைப் பாடம். தள்ளி எழு, உட்கார்ந்து எழு, சுழற்று. புஜத்துக்கு ஒரு இயந்திரம், தொடைக்கு ஒரு இயந்திரம் என்ற பிரிவினை இதில் கிடையாது. முழு உடம்பும் சேர்ந்து செய்யும் அசைவுதான் இங்கே பயிற்சி. இந்த அசைவுகளுக்குள் இருக்கும் அறிவியலைக் கடந்த ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இங்கிலாந்திலும் இருந்த ஆய்வாளர்கள் துண்டுதுண்டாகக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பலர் கர்லாக்கட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் வலிமையைப் பற்றி நாம் வைத்திருக்கும் கருத்தே மாறிவிடுகிறது.

முதல் துண்டு தண்டாலிலேயே இருக்கிறது. எளிய சாய்விலிருந்து கடினமான சாய்வுக்கு வாரம் வாரமாக ஏறுவதற்குப் 'படிப்படியான பளுவேற்றம்' என்று பெயர் வைக்கலாம். உடம்பு பழகப் பழகச் சுமையையும் கூட்டிக்கொண்டே போவது என்று பொருள். இதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோ ராணுவ மருத்துவமனையில் முழங்கால் சிதைந்த சிப்பாய்கள் நிறைந்து கிடந்தார்கள். லேசான பயிற்சியைப் பலமுறை செய்யவைப்பதுதான் அக்கால வழக்கம். டிலோர்ம் அதைத் தலைகீழாக்கினார். 10 முறைக்குமேல் தூக்க முடியாத எடை எது என்று ஒவ்வொருவருக்கும் கண்டுபிடித்து, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, கால் தேறத் தேற எடையைக் கூட்டினார். 1945-இல் அவர் வெளியிட்ட அந்த முறை இன்றும் உலகமெங்கும் இயன்மருத்துவத்தின் அடித்தளமாக இருக்கிறது.

சரி, இந்தச் சுமையை உடம்பு எப்படித் தூக்குகிறது? இங்கே ஒரு விந்தையான ஏற்பாடு இருக்கிறது. உள்ளங்கையில் 5 கிலோவை ஏந்தி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி நில்லுங்கள். எடை இருப்பது முழங்கை மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி. அதைத் தாங்கிப் பிடிக்கிற, மேற்கையின் முன்புறம் புடைத்து நிற்கிற தசை எலும்பைப் பற்றியிருப்பதோ மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தொலைவில். மூட்டைத் திருப்பும் திறனுக்கு முறுக்குவிசை என்று பெயர்; விசையையும் மூட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும். தூரம் எட்டில் ஒரு பங்கு என்றால் விசை எட்டு மடங்கு வேண்டும். எனவே 5 கிலோவைத் தாங்கத் தசை ஏறக்குறைய 40 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு நட்டமான ஏற்பாட்டை இயற்கை ஏன் செய்தது? அதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 8 செ.மீ. நகரும். விசையைச் செலவழித்து வேகத்தை வாங்கியிருக்கிறது நம் உடல். கல் எறியவும், ஓடவும், விழப்போகும் குழந்தையை எட்டிப் பிடிக்கவும் இந்த வேகம்தான் உதவுகிறது. மனித உடல் முதலில் அசைவதற்காக வடிவமைக்கப்பட்டது. மூட்டை தூக்குவது அதற்குப் பிறகு சேர்ந்த வேலை.

தசையைப் பற்றி இன்னொரு செய்தி. அதற்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. தண்டாலில் நாம் தரையைத் தள்ளுவதாக நினைக்கிறோம். உண்மையில் மேற்கையின் பின்புறத் தசை முழங்கை முனையைப் பின்னாலிருந்து இழுக்கிறது, அதனால் கை நீள்கிறது. இந்த இழுப்பு எங்கே பிறக்கிறது என்பதை 1954-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்து, 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் அறிவித்தன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. இருவருக்கும் உறவு ஏதும் இல்லை. தசைக்குள் மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. தடித்த இழையிலிருந்து நீளும் நுண்ணிய தலைகள் மெல்லிய இழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. இந்த இழைகள் அடங்கிய ஒரு நுண்ணலகின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் 400-இல் ஒரு பங்குதான். ஒரு சென்டிமீட்டர் தசை நாரில் இப்படி 4,000 அலகுகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவே சுருங்குகிறது. எல்லாம் சேர்ந்துதான் 45 கிலோ மேலே எழுகிறது.

ஆனால் தசை தானாக எதையும் தொடங்குவதில்லை. முதுகுத் தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நரம்பணு கட்டளையிட வேண்டும். ஒரு நரம்பணுவும், அது ஆளும் தசை நார்கள் அனைத்தும் சேர்ந்ததுதான் 'இயக்க அலகு'. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணுவின் கீழ் சுமார் பத்து நார்களே இருக்கும். அதனால்தான் இந்த வரியில் உங்கள் கண் இவ்வளவு நுட்பமாக நகர முடிகிறது. கெண்டைக்கால் தசையிலோ ஒரு நரம்பணு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்களை ஆளும். கட்டளை வந்தால் அந்த அலகின் நார்கள் அத்தனையும் சுருங்கும். வராவிட்டால் ஒன்றும் சுருங்காது. பாதிச் சுருக்கம் என்பது கிடையாது. அப்படியானால் தேநீர்க் கோப்பையை மெல்லத் தூக்குவதும் தண்ணீர்க் குடத்தை வலுவோடு தூக்குவதும் ஒரே கையால் எப்படி முடிகிறது? எத்தனை அலகுகளை அழைப்பது, அவற்றுக்கு நொடிக்கு எத்தனை கட்டளைகள் அனுப்புவது என்ற இரண்டையும் மாற்றி மாற்றி நரம்பு மண்டலம் அந்தக் கணக்கைப் போடுகிறது.

அழைப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் எல்வுட் ஹென்னமன் 1950களிலும் 60களிலும் அதைக் கண்டறிந்தார். முதலில் சிறிய அலகுகள் வரும். அவை மெதுவானவை, எளிதில் களைக்காதவை. வேலை கடுமையாகும்போதுதான் பெரிய அலகுகள் வரும். அவை வேகமானவை, பலமானவை, சீக்கிரம் களைத்துவிடுபவை. இதற்கு 'அளவுக் கோட்பாடு' என்று பெயர். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, லிஃப்டில் ஏறி இறங்கி வாழ்பவரின் பெரிய அலகுகளுக்கு மாதக்கணக்கில் அழைப்பே போகாது. அவற்றை எழுப்ப மூன்று வழிகள் உண்டு: சுமை கனமாக இருக்க வேண்டும், அல்லது அசைவில் முழு வேகம் காட்ட வேண்டும், அல்லது சிறிய அலகுகள் களைத்துப்போகும்வரை தொடர வேண்டும். 15 தண்டால் எடுக்க முடிந்தவருக்கு முதல் ஐந்தைவிடக் கடைசி மூன்று ஏன் அதிகம் பயன் தருகிறது என்பதற்கு விளக்கம் இதுதான். அதுவரை உறங்கிக்கொண்டிருந்தவை அப்போதுதான் வேலைக்கு வருகின்றன.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகள் வருகின்றன. புதிதாகப் பயிற்சி தொடங்கும் ஒருவர் முதல் சில வாரங்களிலேயே கணிசமாக வலுப்பெறுகிறார். ஆனால் அவருடைய தசையை அளந்து பார்த்தால் அது பெருத்திருக்காது. அப்படியானால் வலிமை எங்கிருந்து வந்தது? 1979-இல் மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தசையின் மின்துடிப்பை அளந்து விடை சொன்னார்கள். தொடக்கத்தில் கிடைக்கும் வலிமையில் பெரும்பங்கு நரம்பின் முன்னேற்றத்தால் வருவது. தசையின் வளர்ச்சி மெதுவாகப் பின்னால் வந்து சேர்கிறது.

இதற்கு முன்னோடியான ஒரு சோதனை 1894-இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்ற உளவியலாளர் தம் ஆய்வகத்தில் ஒருவரை ஒரு கையால் மட்டும் ரப்பர்க் குமிழை அழுத்திப் பயிற்சி செய்யவைத்தார். சில நாட்களில் அந்தக் கை வலுத்தது. ஒன்றுமே செய்யாத மற்றக் கையும் வலுத்தது! இந்தக் 'குறுக்கு விளைவு' அதன்பிறகு எத்தனையோ முறை சரிபார்க்கப்பட்டுவிட்டது. ஒரு கையில் மாவுக்கட்டுப் போட்டிருக்கும்போது நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டுக்குள் இருக்கும் கையின் வலிமை இழப்பு குறைகிறது. கற்றுக்கொண்டது இரண்டு கைகளையும் ஆளும் நரம்பு மண்டலம் என்பதால் பயன் இருபுறமும் போகிறது.

1992-இல் யூ, கோல் என்ற இருவர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். சுண்டுவிரலைப் பக்கவாட்டில் தள்ளும் பயிற்சியை ஒரு குழுவினர் நான்கு வாரம் செய்தார்கள். இன்னொரு குழுவினர் விரலை அசைக்காமல், முழு விசையோடு தள்ளுவதாக மனத்தில் மட்டும் நினைத்தார்கள். உண்மையில் செய்தவர்களின் விரல் வலிமை 30 சதவீதம் கூடியது. நினைத்தவர்களுக்கோ 22 சதவீதம்! நினைத்தே பயில்வானாகிவிடலாம் என்று யாரும் மயங்க வேண்டாம். சுண்டுவிரலின் சிறு தசை வேறு, தொடைத் தசை வேறு. ஆனால் வலிமையின் ஒரு பகுதி, கற்றுக்கொண்ட பாடமாக மூளையிலும் தண்டுவடத்திலும் பதிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பாடம் என்றால் எதைப் பற்றிய பாடம்? இதற்கு விடை மாஸ்கோவிலிருந்து வந்தது. 1920களில் அங்கிருந்த மத்திய உழைப்பாய்வு நிறுவனத்தில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற இளம் மருத்துவர் தொழிலாளர்களின் அசைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் மூட்டுகளில் சிறு மின்விளக்குகளைக் கட்டி, அவற்றின் ஒளித்தடத்தைப் படச்சுருளில் பதிவு செய்தார். ஆயிரக்கணக்கான முறை அதே அடியை அடித்துப் பழகியவர்கள் அவர்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒவ்வோர் அடியிலும் அதே கோணத்தில் போய்வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். படம் வேறு கதை சொன்னது. மூட்டுகளின் கோணங்கள் அடிக்கு அடி மாறின. சுத்தியலின் முனை மட்டும் சரியான இடத்தில் போய் விழுந்தது. தோள் சற்று விலகினால் முழங்கை அதை ஈடுகட்டியது. முழங்கை பிந்தினால் மணிக்கட்டு சரிசெய்தது.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை நம் கை ஏழு தனித்தனி வழிகளில் அசையக்கூடியது. ஒரு புள்ளியைத் தொட மூன்று போதும். மிஞ்சிய சுதந்திரத்தை ஆள்வதுதான் மூளைக்குப் பெரிய சவால் என்றார் பெர்ன்ஸ்டைன். புதிதாகக் கற்பவர் பல மூட்டுகளை இறுக்கிப் பூட்டிக்கொண்டுதான் தொடங்குகிறார். மிதிவண்டி பழகும் பிள்ளையின் தோள்கள் விறைத்திருப்பது இதனால்தான். பழகப் பழக ஒவ்வொரு பூட்டாகத் திறக்கிறார். ஆகவே நூறு பஸ்கி எடுப்பவர் ஒரே அசைவை நூறு முறை செய்வதில்லை. ஒரே சிக்கலுக்கு நூறு முறை விடை காண்கிறார், ஒவ்வொரு முறையும் சற்றே வேறு வழியில். இயந்திரத்தில் உட்கார்ந்து முழங்காலை மட்டும் நீட்டிப் பெற்ற வலிமை, படி ஏறும்போது அப்படியே முழுதாக வந்து கைகொடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. எந்த அசைவில் பயில்கிறோமோ அந்த அசைவில்தான் வலிமை மிகுதியாக வெளிப்படும். அசைவைப் பயிற்சியின் மையத்தில் வைத்த பழைய வாத்தியார்களின் முறை சரியானது என்பது என் உறுதியான கருத்து.

பஸ்கிக்கு வருவோம். முதலில் ஒரு சோதனை. பாதியளவு உட்கார்ந்து, அப்படியே மூன்று நொடி அசையாமல் இருந்துவிட்டு மேலே குதியுங்கள். பிறகு நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து, தாழ்ந்த வேகத்திலேயே குதியுங்கள். இரண்டாவது குதிதான் உயரமாக இருக்கும். தசையும் தசைநாணும் முதலில் இழுபட்டு உடனே சுருங்கும்போது கூடுதல் விசை கிடைக்கிறது. இது 'நீட்சி-சுருக்கச் சுழற்சி'. இழுபடும்போது நாணில் ஆற்றல் சேர்கிறது. அதோடு, மேலெழுவதற்கு முன்பே தசை முழு விசைக்கு வந்துவிட அவகாசமும் கிடைக்கிறது. குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணைத் தொட்டுப் பாருங்கள். நாம் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து பெறும் ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தை அது சேமித்துத் திருப்பிக் கொடுக்கிறது. பாதத்தின் வளைவு இன்னொரு 17 சதவீதம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்நீல் அலெக்சாண்டர் குழுவினர் 1987-இல் வெளியிட்ட கணக்கு இது.

பஸ்கியின் இறங்கும் பாதிக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. தூக்க முடியாத சுமையைக்கூடத் தசையால் மெல்ல இறக்க முடியும். ஏனென்றால் நீண்டபடியே இழுக்கும்போதுதான் தசை அதிக விசை தாங்குகிறது. அதற்கு விலையும் உண்டு. பழக்கமில்லாதவர் முதல் நாளே நூறு பஸ்கி எடுத்தால், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படி இறங்கும்போது தொடை கெஞ்சும். ஏதோ அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். லாக்டிக் அமிலம் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீங்கிவிடும். வலிக்குக் காரணம் நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதைச் சீர்செய்யும் வேலையும்தான். இதில் ஓர் அழகு இருக்கிறது: ஒருமுறை இப்படி வலித்துத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த வலியோடு செய்யும். உடம்பு ஒரே தடவையில் பாடம் படித்துக்கொள்கிறது.

மூன்றாவது கர்லா. அடி பருத்து, பிடி சிறுத்த ஒரு மரக்கட்டை. அதில் இருக்கும் இயற்பியல் அபாரமானது. 5 கிலோ கர்லா ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோளிலிருந்து கட்டையின் எடை மையம் 70 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும், சீரான வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை நொடி ஆகட்டும். வட்டத்தில் போகும் பொருளை வட்டத்திலேயே வைத்திருக்க மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டை கீழே வரும்போது அந்த இழுப்போடு எடையும் சேர்ந்துகொள்ள, கைக்கு 11 கிலோவாகத் தெரியும். உச்சிக்குப் போகும்போது எடையே இழுப்பின் பெரும்பகுதியைச் செய்துவிடுவதால், கைக்கு மிஞ்சுவது ஒன்றேகால் கிலோ அளவுதான். ஒன்றரை நொடிக்குள் சுமை ஒன்றேகால் கிலோவுக்கும் 11 கிலோவுக்கும் இடையே போய்வருகிறது, திசையும் கணத்துக்குக் கணம் மாறுகிறது. சுற்றை ஒரு நொடியாக விரைவுபடுத்திப் பாருங்கள்: கீழே 19 கிலோ! தூரம் அதே, கட்டை அதே. வேகம் ஒன்றரை மடங்கானால் மையத்துக்கான இழுப்பு இரண்டேகால் மடங்காகிறது. கர்லாவின் கனத்தைத் தீர்மானிப்பது சுற்றுகிறவரின் வேகம். தொடங்குகிறவருக்கும் தேர்ந்தவருக்கும் ஒரே கட்டை போதும்.

இந்த மாறும் இழுப்பைச் சந்திப்பது தோள். உடலிலேயே அதிகச் சுதந்திரம் பெற்ற மூட்டு அது. அதற்காக உறுதியை விட்டுக்கொடுத்த மூட்டும் அதுவே. மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கு அமைந்த குழி மிக ஆழமற்றது. சின்னக் கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம் போலத்தான் அது உட்கார்ந்திருக்கிறது. விழாமல் பிடித்துக்கொள்வது சுற்றிலும் அணைத்திருக்கும் நான்கு சிறு தசைகள். கர்லா சுற்றும்போது கட்டை கையை வெளியே பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. எந்தத் திசையில் பிடுங்கினாலும் இந்த நான்கும் முறைவைத்து உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. நேராக மேலும் கீழும் போய்வரும் எடைத் தூக்கலில் இவற்றுக்கு இத்தனை திசைகளில் வேலை வராது.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் படையினர் கர்லாவைக் கண்டு வியந்து தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1834-இல் லண்டனில் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் இந்தியக் கட்டைப் பயிற்சி இடம்பெற்றது. 1866-இல் சிம் கீஹோ நியூயார்க்கில் அதற்கென்றே தனி நூல் வெளியிட்டார். 1904-லும் 1932-லும் கட்டை சுற்றுவது ஒலிம்பிக் போட்டியாகவே நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இரண்டாவது போட்டியில் தங்கம் வென்றவர் ஜார்ஜ் ராத் என்ற அமெரிக்கர். ஊரில் நாம் மூலையில் சாத்திவைத்துவிட்ட கட்டைக்கு இப்படியொரு பெருமை உண்டு.

கட்டையைப் பிடிக்கும் பிடியையும் சொல்ல வேண்டும். விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை எதுவும் இல்லை. வலுவாகப் பிடிக்கும் தசைகள் முன்கையில் இருந்துகொண்டு நீண்ட நாண்களால் விரல்களை இழுக்கின்றன. முன்கையைத் தொட்டுக்கொண்டு விரல்களை மடக்கினால் அந்த இழுப்பு கையில் தட்டுப்படும். பிடி இறுகும்போது அதன் விளைவு மற்ற தசைகளுக்கும் பரவுகிறது. ஹங்கேரிய மருத்துவர் எர்னோ யெண்ட்ராசிக் 1880களில் இதைக் கவனித்தார். நோயாளி இரண்டு கைகளையும் கோத்து இழுத்துக்கொண்டிருந்தால், முழங்காலில் தட்டும்போது கால் கூடுதலாக எகிறுகிறது. இன்றும் நரம்பு மருத்துவர்கள் இந்த உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரை ஆராய்ந்து 2015-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, பிடி வலிமை 5 கிலோ குறையும்போது இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுவதைக் கண்டது. பிடி நம்மைக் காப்பாற்றுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. உடம்பின் பொதுவான நிலையைப் பிடி காட்டிக்கொடுக்கிறது.

மூச்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கனமான எதையும் தூக்கும்போது நாம் அறியாமலே மூச்சை அடக்குகிறோம். அப்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது; அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1985-இல் பயிற்சி பெற்ற ஐந்து உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள் கருவி செருகி அளந்தார்கள். இரண்டு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளும்போது அவர்களின் சராசரி ரத்த அழுத்தம் 320/250. நமக்கு இயல்பானது 120/80. அது சில நொடிகளில் இறங்கிவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும் ரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக்கூடாது. எழும்போது மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும்.

வயதானவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். வயதேறும்போது முதலில் மெலிவதும் குறைவதும் பெரிய, வேகமான இயக்க அலகுகள்தான். தடுக்கி விழப்போகும் கணத்தில் காலை முன்னால் வைத்துச் சமாளிக்க அவைதான் தேவை. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் முதியோர் காப்பகம் ஒன்றில் சராசரி வயது 90 ஆன, தளர்ந்துபோன பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். எட்டு வாரம் அவர்களுக்குக் கால் வலிமைப் பயிற்சி கொடுத்தார். லேசான பயிற்சியல்ல, அவரவரால் முடிந்ததில் கனமான எடை. அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயது நரம்பும் பாடம் கற்கிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி நாற்காலியிலிருந்து எழும்போது கைகொடுக்க ஓடாதீர்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். பழகிய பிறகு அதை எடுத்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், முடிந்த அளவு. அதுவும் பஸ்கிதான். அவர்கள் எழும்வரை பக்கத்தில் நில்லுங்கள், தூக்கிவிடாதீர்கள்.